ஏரி மீனுக்கு ஏற்ற தூண்டில் கோல்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, சம்பா அறுவடையும் முடிந்த பிறகு, பொன்னேரி வட்டார விவசாயிகளுக்கு மாலை நேரங்களில் சிறிது ஓய்வு கிடைக்கிறது. ஏரிகளில் நீர் வற்றத் தொடங்கி, மீன்கள் மதகடிப் பள்ளங்களில் ஒதுங்குவதும் அப்போதுதான். ஆரணியாற்றில் லட்சுமிபுரம் அணைக்கட்டை ஒட்டிய நீர்ப்பரப்பிலும் தூண்டில்காரர்களைக் காணலாம். பொறுமை உள்ளவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் வீட்டுக் குழம்புக்கு மீன் கிடைத்துவிடும். ஆனால் இதற்காகக் கடைக்குச் செல்பவர், பளபளக்கும் ரீல் பொருத்திய கோலைக் கண்டு மயங்கிச் சில நாள் கூலியை அதில் போட்டுவிடுகிறார். பிடிக்கும் மீனின் மதிப்பைக் கணக்கிட்டால் அந்தக் கோலின் விலை எளிதில் அடைவதில்லை.

கோல் வாங்குமுன், எந்த நீரில் எந்த மீனைப் பிடிக்கப் போகிறோம் என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். ரீல் என்பது தூண்டிலைத் தொலைவில் வீசுவதற்கும், பெரிய மீனுக்கு நரம்பை விட்டுப் பிடிப்பதற்கும் உள்ள கருவி. நம் ஏரிகளில் அத்தொலைவு பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. 1952-ஆம் ஆண்டில் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டு இன்று எல்லாக் குளங்களிலும் பெருகிவிட்ட ஜிலேபி மீன், கரையோர ஆழமற்ற நீரிலேயே மேய்கிறது. விரால் செடி கொடிகளின் அடியில் பதுங்கியிருந்து, மூச்சு வாங்க மேலே வரும். கெளுத்தி, மாலை மயங்கியதும் கரையோரம் வரும். இவை அனைத்திற்கும் 10 முதல் 12 அடி நீளமுள்ள சாதாரண மூங்கில் கோலே போதும். கட்லா, ரோகு போன்ற பெரிய மீன்களைப் பூண்டி போன்ற நீர்த்தேக்கத்தின் ஆழத்தில் பிடிக்க நினைப்பவர் மட்டும் ரீலைப் பற்றி யோசிக்கலாம்.

மூங்கிலில் உள்ளே பொந்து இல்லாத கல் மூங்கிலே சிறந்தது. கணுக்கள் நெருக்கமாகவும், அடியிலிருந்து நுனிவரை ஒரே சீராகச் சிறுத்தும் இருக்க வேண்டும். ஓராண்டுக் கழி பார்வைக்குப் பச்சையாக, நேராக இருக்கும். காய்ந்ததும் சுருங்கி வெடித்துவிடும். மூன்றாண்டு முற்றிய கழியைக் கேட்டு வாங்குங்கள். வாங்கிய கழியை இரண்டு மூன்று வாரம் வாய்க்கால் நீரில் ஊறவிட்டு, நிழலில் உலர்த்தினால் வண்டு துளைப்பது குறையும். மூங்கிலில் உள்ள மாவுச்சத்தைத் தேடியே வண்டு வருகிறது. ஊறும்போது அதில் ஒரு பகுதி கரைந்து போய்விடுகிறது. வளைந்த இடத்தை இளஞ்சூட்டில் காட்டி நிமிர்த்தி, வார்னிஷ் பூசி வைத்தால் பல பருவங்களுக்கு உழைக்கும்.

சோதிப்பதும் எளிது. அடியைக் கையில் பிடித்துக்கொண்டு, நுனியில் கால் கிலோ எடையைத் தொங்கவிடுங்கள். நுனிப்பக்கம் நன்றாக வளைந்து, அடிப்பக்கம் விறைப்பாக நிற்க வேண்டும். எடையை எடுத்ததும் கோல் பழையபடி நிமிர வேண்டும். ஒரே கணுவில் மட்டும் மடங்கினால் அந்த இடத்தில்தான் ஒருநாள் ஒடியும். விராலுக்கு மட்டும் சற்றுத் தடித்த, விறைப்பான கோல் வேண்டும். தூண்டிலைக் கவ்வியதும் அது ஆகாயத்தாமரைக்குள் பாய்ந்துவிடும். மெல்லிய கோலால் அதைத் தூக்க இயலாது.

நரம்பை நுனியில் மட்டும் முடிச்சுப் போட்டுவிடுவது பலரது வழக்கம். நடுக்கோலில் கட்டி, அங்கிருந்து சுற்றிக்கொண்டே நுனிக்குக் கொண்டுபோய் மீண்டும் கட்டுங்கள். நுனி ஒடிந்தாலும் மீன் கையை விட்டுப் போகாது.

ரீல் வைத்த கோலே வேண்டும் என்பவர்கள் கண்ணாடி இழைக் கோலை வாங்கலாம். கார்பன் கோலைவிட இது கனமானது. ஆனால் விலை குறைவு, முரட்டுத்தனமான கையாளலையும் தாங்கும். ஒன்றுக்குள் ஒன்று செருகி நீட்டும் கோலில் ஒவ்வொரு மூட்டையும் இழுத்துப் பாருங்கள், ஆடினால் வேண்டாம். வளையங்களுக்குள் சிறிது பஞ்சைத் தேய்த்துப் பாருங்கள். பஞ்சு சிக்கினால் அந்த வளையம் நரம்பையும் அறுக்கும். கடைக்காரர் முகம் சுளித்தாலும் இந்தச் சோதனையை விட வேண்டாம்.

கார்பன் கோல் மின்சாரத்தைக் கடத்தும் என்பதை அவசியம் நினைவில் வைக்க வேண்டும். ஈர மூங்கிலும் அப்படியே. பம்ப்செட்டுக்குச் செல்லும் கம்பிகள் வயல்வெளியில் தாழ்வாகத் தொங்கும் இடங்களில் கோலை நிமிர்த்திப் பிடித்துச் செல்வதும், இடி மின்னலின்போது கரையில் நிற்பதும் உயிருக்கு ஆபத்து.

கோலில் மிச்சம் பிடித்த பணத்தை முள்ளிலும் நரம்பிலும் செலவிடுங்கள். மீன் தப்புவது பெரும்பாலும் மழுங்கிய முள்ளாலும் பழைய நரம்பாலும்தான். ஜிலேபிக்கும் கெண்டைக்கும் கால் மில்லி மீட்டர் தடிமனுள்ள நைலான் நரம்பு போதும்; விராலுக்கு 0.40 மில்லி மீட்டராவது வேண்டும். முள்ளின் எண் கூடக்கூட அளவு சிறிதாகும் என்பதைக் கவனித்து வாங்குக. முள்ளை நகத்தின் மேல் வைத்து இழுத்தால் வழுக்காமல் பற்ற வேண்டும். வெயிலில் கிடந்த நைலான் வலுவிழக்கும். ஆண்டுக்கொரு முறை மாற்றுவது நல்லது. முடிச்சை இறுக்குமுன் எச்சிலாலோ தண்ணீராலோ நனைத்துக்கொள்ள வேண்டும். தக்கைக்கு நெட்டித் துண்டே போதும். மண்புழு எருக்குழியில் கிடைக்கும்.

விராலுக்குத் தவளையைக் கோக்கும் பழக்கம் உண்டு. வயலில் பூச்சிகளைத் தின்னும் தவளையை நாமே அழிப்பது நல்ல கணக்கல்ல. தவளைக்கால் ஏற்றுமதியையே இந்திய அரசு 1987-இல் தடை செய்தது. ரப்பர் தவளை கடைகளில் கிடைக்கிறது, பலமுறை பயன்படும். மழைக்காலத்தில் செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மிதப்பதைக் கண்டால், காவல் நிற்கும் தாய் தந்தை விராலை விட்டுவிடுங்கள். அவற்றைப் பிடித்தால் குஞ்சுகள் அனைத்தும் பிற மீன்களுக்கு இரையாகிவிடும்.

பல ஏரிகளின் மீன்பாசி குத்தகைக்கு விடப்படுகிறது. குத்தகைதாரரிடமோ ஊராட்சியிலோ கேட்டுக்கொண்டு தூண்டில் போட்டால் சச்சரவு வராது. பழவேற்காடு ஏரிக்குச் செல்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்குள்ள மீனவர்கள் பாடு முறைப்படி, இன்ன இடத்தில் இன்னார் வலை கட்டுவது என்று முறை வைத்துத் தொழில் செய்கிறார்கள். வலை கட்டிய இடத்தில் முள்ளை வீசி வலையைக் கிழித்தால், அது ஒரு குடும்பத்தின் அன்றைய வருமானம்.

ஆரணியாற்றின் கடைப்பகுதியிலும் பழவேற்காட்டிலும் நீர் உப்பாக இருக்கும். அங்கு பயன்படுத்திய ரீலையும் வளையங்களையும் வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்காவிட்டால் விரைவில் துரு ஏறிவிடும். மலிவான ரீலானால் இன்னும் சீக்கிரம். மூங்கில் கோலுக்கு இந்தத் தொல்லை இல்லை. அறுந்த நரம்பையும் உடைந்த முள்ளையும் கரையில் போட்டுவிட்டு வரக்கூடாது; புல்லோடு சேர்த்து மாடு விழுங்கிவிடும். ஒரு பழைய டப்பாவில் சேர்த்து வைத்து, மாடும் குழந்தையும் எட்டாத இடத்தில் புதைத்துவிடுங்கள்.