சான்றிதழ் பழசாகுமா?

கேள்வி: ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் ஆம்புலன்ஸ் டெக்னீஷியனாக இருக்கிறேன். படித்து முடித்துப் பல வருடமாயிற்று. மறுபடியும் பயிற்சி எதற்கு, அனுபவம் போதாதா?
– வாசகர், ஸ்ரீபெரும்புதூர்

பதில்: போதாது. தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. இதயம் நின்றவருக்கு அந்தக் காலத்துப் பாடம்: முதலில் மூச்சுப்பாதை, பிறகு சுவாசம், அப்புறம்தான் மார்பு அழுத்தம். 2010இல் அமெரிக்க இதயச் சங்கம் அழுத்தத்தை முன்னால் கொண்டுவந்தது. 2015இல் நிமிடத்துக்கு 100 முதல் 120 என்று வேகத்துக்கு உச்சவரம்பும் வைத்தது. இது தெரியாதவருக்கு அனுபவம் பழைய முறையைத்தான் கெட்டிப்படுத்தும்.

உங்கள் பக்கத்துச் சங்கதி ஒன்று. பிரஸ் ஷாப்பில் விரல் துண்டானால், பதற்றத்தில் யாராவது அதை நேரே ஐஸில் போட்டுவிடுவார்கள். திசு உறைந்து கெட்டுவிடும். சலைனில் நனைத்த சுத்தமான துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையைத்தான் ஐஸ் தண்ணீரில் வைக்க வேண்டும். ஷிஃப்ட் சூப்பர்வைசருக்கும் சொல்லிக்கொடுங்கள். நீங்கள் போய்ச் சேருமுன் கேன்டீன் ஐஸ் வந்துவிடும்.

அமெரிக்காவில் தேசியப் பதிவு பெற்ற டெக்னீஷியன் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 40 மணி நேரப் பயிற்சிக் கணக்குக் காட்ட வேண்டும், இல்லையேல் தேர்வு எழுத வேண்டும். இங்கே துணை மருத்துவத் தொழில்களுக்கான 2021ஆம் ஆண்டுச் சட்டம் உங்கள் பணியையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. நடைமுறைதான் ஆமை வேகம். அதற்காகக் காத்திருக்காதீர்கள். அந்த இதயச் சங்கத்தின் உயிர்காப்புச் சான்றிதழுக்கு ஆயுள் இரண்டே ஆண்டு. உங்களிடம் இருந்தால் தேதியைப் பாருங்கள். மறுபயிற்சிச் செலவை ஏற்கும்படி நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள்.