வண்ணம் எங்கே போனது?

ஜொகூர் மாநிலத்தின் ஆயர் ஈத்தாம் போன்ற சிறு நகரங்களில், பழைய டிவிடி தட்டுகளைப் பத்திரமாக வைத்திருக்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு. திருமணம், காதணி விழா, மறைந்துபோன தாத்தா பாட்டியின் சிரிப்பு முதலியவை அவற்றில் பதிவாகியுள்ளன. தீபாவளிக்கு உறவினர் கூடும்போது அவற்றைப் பார்க்க ஆசை எழுகிறது. டிவிடி கருவியை இணைத்தால் படம் தெரிகிறது, ஒலியும் கேட்கிறது. ஆனால், வண்ணம் மட்டும் இல்லை. கருவி கெட்டுவிட்டது என்று அதைக் குப்பையில் போடுவதற்கு முன், காரணத்தை ஆராய்வது நல்லது.

தொலைக்காட்சிப் படம் இரண்டு செய்திகளால் ஆனது. ஒன்று வெளிச்சத்தின் அளவு, மற்றொன்று வண்ணம். வெளிச்சச் செய்தி மட்டும் வந்தாலே கறுப்பு வெள்ளைப் படம் உருவாகிவிடும். 1953ஆம் ஆண்டில் அமெரிக்கா என்.டி.எஸ்.சி. என்னும் வண்ண ஒளிபரப்பு முறையை ஏற்றது. மக்களிடம் ஏற்கெனவே இருந்த கறுப்பு வெள்ளைப் பெட்டிகள் வீணாகாதவாறு, வெளிச்சச் செய்தியோடு வண்ணச் செய்தியும் சேர்த்து அனுப்பப்பட்டது. பழைய பெட்டிகள் வண்ணத்தை விட்டுவிட்டு, வெளிச்சத்தை மட்டும் காட்டின.

பின்னர், ஜெர்மானியப் பொறியியலாளர் வால்டர் புரூக் பி.ஏ.எல். என்னும் முறையை உருவாக்கினார். மலேசியா இம்முறையைப் பின்பற்றியது. 28 டிசம்பர் 1963இல் தொடங்கிய நம் நாட்டுத் தொலைக்காட்சி, சரியாகப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, 28 டிசம்பர் 1978இல் வண்ணத்திற்கு மாறியது. இந்தியாவும் பி.ஏ.எல். முறையையே பின்பற்றியது. ஜப்பான் என்.டி.எஸ்.சி. முறையைத் தேர்ந்தெடுத்தது.

இரண்டு முறைகளும் வண்ணத்தை வெவ்வேறு அலைவரிசையில் அனுப்புகின்றன. பி.ஏ.எல். முறையில் அது சுமார் 4.43 மெகாஹெர்ட்ஸ், என்.டி.எஸ்.சி. முறையில் சுமார் 3.58 மெகாஹெர்ட்ஸ். டிவிடி கருவி ஒரு முறையில் அனுப்ப, பழைய தொலைக்காட்சி மற்றொரு முறையை மட்டுமே அறிந்திருந்தால், அதனால் வண்ணத்தைப் பிரித்தெடுக்க இயலாது. ஆகவே, படம் கறுப்பு வெள்ளையாகத் தெரியும்.

இனி, குறையைக் கண்டறியும் வழிகளைப் பார்ப்போம்.

முதலில், தொலைக்காட்சியில் வேறோர் அலைவரிசை நிகழ்ச்சியைப் பாருங்கள். அதிலும் வண்ணம் இல்லையென்றால், தொலைக்காட்சியின் வண்ண அளவு குறைக்கப்பட்டுள்ளதா எனச் சோதியுங்கள்.

இரண்டாவதாக, கம்பிகளைக் கவனியுங்கள். மஞ்சள் முனை மஞ்சள் துளையில் இருக்க வேண்டும். பச்சை, நீலம், சிவப்பு என மூன்று படத்துளைகள் உள்ள தொலைக்காட்சியில், பச்சைத் துளை வெளிச்சச் செய்தியை மட்டுமே ஏற்கும். மஞ்சள் முனையைத் தவறுதலாக அங்குச் செருகினால் வண்ணம் வராது.

மூன்றாவதாக, ரிமோட் மூலம் டிவிடி கருவியின் அமைப்புப் பட்டியலைத் திறந்து, தொலைக்காட்சி வகை என்னும் பகுதியைப் பாருங்கள். அங்கு என்.டி.எஸ்.சி. என்றிருந்தால், பி.ஏ.எல். என மாற்றுங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். பலவற்றை ஒன்றாக மாற்றினால், எது குறையைத் தீர்த்தது என்பது தெரியாது. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் சில பாகங்களில் மின்னூட்டம் தங்கியிருக்கும். எனவே, கருவியின் மூடியைத் திறக்காதீர்கள். இவற்றைச் செய்தும் பயனில்லையென்றால், பழுதுபார்ப்பவரை நாடுங்கள்.

நோயையும் அதன் காரணத்தையும் அறிந்த பின்பே மருத்துவம் செய்ய வேண்டும் என்பது வள்ளுவர் காட்டும் வழி. கருவிகளுக்கும் அது பொருந்தும். காரணம் ஒரு கம்பியாகவோ ஓர் அமைப்பாகவோ இருக்கும்போது, நல்ல கருவியை எறிந்தால் மின்கழிவு பெருகும். அத்துடன், குடும்பத்தின் நினைவுகளைப் பார்க்கும் வழியும் அடைபட்டுப்போகும்.