துளைச்சேறு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

எண்ணெய்க் கிணறு தோண்டும்போது குழாய் வழியே உள்ளே செலுத்தப்பட்டு, துளைமுனையைக் குளிர்வித்து, உடைந்த பாறைத் துகள்களுடன் மேலே திரும்பும் கலவையைத் துளையிடு பாய்மம் என்பர். ரிக் எனப்படும் துளையிடு மேடையில் வேலை செய்வோருக்கு அது வெறும் 'மட்', அதாவது சேறு. துகளைச் சுமப்பதே அதன் வேலை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. சுமப்பது உண்மைதான், ஆனால் அதைவிடப் பெரிய கடமை, தன் எடையால் பாறைக்குள் இருக்கும் எண்ணெய், எரிவாயு, நீர் ஆகியவற்றின் அழுத்தத்தை எதிர்த்து நிற்பதாகும். இதற்காகவே நீரைப் போல் 4.2 மடங்கு அடர்த்தி கொண்ட பேரைட் என்னும் கனிமம் பொடியாகக் கலக்கப்படுகிறது. ஆந்திரத்தின் மங்கம்பேட்டைச் சுரங்கம் அதன் பெரும் இருப்பிடங்களுள் ஒன்று.

அப்படியானால் சேறு கனமாக இருக்கும் அளவுக்குக் கிணறு பாதுகாப்பானது என்று முடிவு செய்வது அடுத்த தவறு. எடை மிகுந்தால் பாறை பிளந்து சேறு அதற்குள் ஓடிவிடும்; குறைந்தால் எரிவாயு உள்ளே புகும். இவ்விரு எல்லைகளுக்கும் இடைப்பட்ட வெளி சில கிணறுகளில் மிகக் குறுகலானது என்பதற்கு மெக்சிகோ வளைகுடாவின் மக்கொண்டோ கிணறே சான்று. 2010 ஏப்ரல் தொடக்கத்தில் அங்கே பாறை பிளந்து சேறு இழக்கப்பட்டதால், சுமார் 20,200 அடி வரை செல்லவிருந்த துளை 18,360 அடியில் நிறுத்தப்பட்டது. அதே மாதம் 20ஆம் நாள், மேற்பகுதியில் இருந்த, நீரைவிடச் சுமார் 1.7 மடங்கு கனமான சேற்றை, மேல் சிமென்ட் அடைப்பு வைக்கும் முன்பே கடல்நீரால் மாற்றினர். கிணறு அடைபட்டிருக்கிறதா என்று காட்டும் அழுத்தச் சோதனையும் தவறாகப் படிக்கப்பட்டிருந்தது. இதனால் எரிவாயு உள்ளே புகுந்து நேர்ந்த வெடிப்பில் 11 பேர் உயிரிழந்தனர். மிகுந்த எடையும் குறைந்த எடையும் ஒரே மாதத்துக்குள் ஒரே கிணற்றைச் சோதித்தன.

கிணற்றைத் தோண்டி முடித்தபின், உற்பத்திக் குழாயைப் பொருத்தும் கட்டத்தில் பயன்படும் நிறைவு பாய்மத்தை வடிகட்டிய உப்புநீர் என்று எளிதாகச் சொல்லிவிடுவதும் உண்டு. திடத்துகள்கள் எண்ணெய்ப் பாறையின் நுண்துளைகளை அடைத்து உற்பத்தியைக் கெடுக்கும் என்பதால் இங்கே பேரைட் போன்ற பொடிகளுக்கு இடமில்லை. எடை முழுவதும் கரைந்த உப்பிலிருந்தே வர வேண்டும். துத்தநாக புரோமைடு வேண்டிய எடையைத் தரும், ஆனால் அரிப்பும் கடல்வாழ் உயிர்களுக்கு நச்சும் சேர்ந்தே வரும். அதற்கு மாற்றாக, வட கடலின் வெப்பமும் அழுத்தமும் மிகுந்த கிணறுகளில் 1990களின் இறுதியிலிருந்து சீசியம் ஃபார்மேட் கரைசல் பயன்படுகிறது. அதன் அடர்த்தி நீரைப் போல் சுமார் 2.3 மடங்கு வரை செல்லும். கனடாவின் மனிடோபா மாகாணத்தில் கிடைத்த அரிய கனிமமான போலுசைட்டிலிருந்து தயாராவதால் விலை மிக அதிகம். எனவே அது பெரும்பாலும் விற்கப்படாமல் வாடகைக்கு விடப்பட்டு, வேலை முடிந்தபின் திரும்பப் பெற்றுத் தூய்மை செய்யப்படுகிறது. துறையின் எதிர்காலத்தைப் புதிய வேதிப்பொருள்களைவிட இந்த வாடகை முறையே தெளிவாகக் காட்டுகிறது எனலாம்.

நீரை அடிப்படையாகக் கொண்ட சேறு எப்போதும் தூயது, எண்ணெய்ச் சேறு எப்போதும் கேடானது என்ற பிரிவும் அப்படியே ஏற்கத்தக்கதன்று. எண்ணெய் ஒட்டிய துகள்களைக் கடலில் கொட்டுவதை வடகிழக்கு அட்லாண்டிக் நாடுகளின் ஓஸ்பார் அமைப்பு 2000ஆம் ஆண்டின் முடிவொன்றால் கடுமையாகக் கட்டுப்படுத்தியது சரியே. ஆயினும் களிப்பாறை நீரை உறிஞ்சிச் சரியும் இடங்களில் நீர்ச்சேறு அதிகக் கழிவை உண்டாக்குகிறது, எண்ணெய்ச் சேறோ கிணற்றுக்குக் கிணறு மீண்டும் பயன்படுகிறது.

உணர்கருவிகள் வந்துவிட்டதால், சேற்றைக் கவனிக்கும் மட் எஞ்சினியருக்கு இனி வேலை இராது என்போரும் உள்ளனர். இன்றும் அவர் பாகுத்தன்மையை அளக்கும் மார்ஷ் புனலின் வாயை விரலால் அடைத்து, சேற்றை வலை வழியே ஊற்றி, விரலை எடுத்து, 946 மில்லிலிட்டர் வடிய எத்தனை வினாடி ஆகிறதென்று எண்ணுகிறார். தூய நீருக்கு அது 26 வினாடி. தானியங்கிக் கருவிகள் அடர்த்தியையும் பாகுத்தன்மையையும் இடைவிடாது அளக்கும், மாற்றத்தை முன்னதாகவே காட்டும். ஆனால் திடீரென ஏறிய எண்ணுக்குக் காரணம் களிமண்ணா, உப்பா, வெப்பமா என்று பிரித்தறிவதும், எதை எவ்வளவு சேர்ப்பதென்று தீர்மானிப்பதும் இன்னும் அவர் கையில்தான்.

பெட்ரோலியத் தேவை குறைந்தால் இக்கலையும் மறைந்துவிடும் என்பதும் பொருந்தாது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஃபோர்ஜ் திட்டம் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டிய கருங்கற்பாறையில் புவிவெப்பக் கிணறுகளைத் தோண்டியுள்ளது. சேற்றுக்குக் கெட்டித்தன்மை தரும் வழக்கமான இயற்கைப் பசைகள் அவ்வளவு வெப்பத்தில் சிதைந்துவிடும் என்பதால், அங்கே மாற்றுப் பொருள்களைத் தேட வேண்டியிருக்கிறது.