பாசிட்டிவ் என்று வந்தால், அடுத்த தேதியை வாங்காமல் எழுந்திருக்காதீர்கள்

கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையில் ஏதோ தெரிகிறது என்றதும், "பெரியாஸ்பத்திரியில் காட்டுங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிடுகிறோம். அந்தப் பெண் அதை ரேஷன் கார்டோடு சேர்த்து வைக்கிறார். வலி இல்லை, ரத்தப்போக்கு இல்லை. நடவு முடியட்டும், பிள்ளைக்குப் பரீட்சை முடியட்டும் என்று மாதங்கள் ஓடிவிடுகின்றன.

இந்தத் தாமதத்துக்கு இடம் கொடுக்காத ஓர் உதாரணம் உண்டு. திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2007இல் வெளியானது. வினிகரில் உள்ள அமிலத்தைத் தடவிக் கண்ணால் பார்க்கும் பரிசோதனை, ஒரே ஒரு சுற்று. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் வரும் மரணம் 35 சதவீதம் குறைந்தது. வெள்ளைத் திட்டு தெரிந்தவர்களை அங்கேயே கால்போஸ்கோப்பியில் பார்த்து, ஏற்றவர்களுக்கு அதே வருகையில் செவிலியர்களே உறைய வைக்கும் சிகிச்சையும் கொடுத்தார்கள். இன்றும் வசதியுள்ள இடத்தில் அன்றைக்கே முடித்துவிடுவதுதான் சிறந்தது.

அந்த வசதி இல்லாத இடத்தில் செவிலியர் செய்ய வேண்டியது, தேதி குறித்துக் கொடுப்பது. "எப்பவாவது போங்க" என்பதற்குப் பதிலாக, "அக்கா, செவ்வாய்க்கிழமை காலையில கால்போஸ்கோப்பி ஓ.பி. இருக்கு. அன்னைக்கு உங்களுக்கு மாதவிலக்கு வருமா? கூட யார் வருவாங்க?" என்று கேளுங்கள். எந்தக் கட்டடம், எந்த அறை என்பதையும் சீட்டின் பின்புறம் எழுதுங்கள். கைபேசி எண் யாருடையது, யார் எடுத்தால் விஷயத்தைச் சொல்லலாம் என்பதை அவரிடமே கேட்டுக் குறியுங்கள். விஷயம் மாமியாரிடமோ கணவரிடமோ முதலில் போய்ச் சேர்ந்துவிட்டால் சில பெண்கள் அப்புறம் மருத்துவமனைப் பக்கமே வரமாட்டார்கள். முந்தின நாள் ஒரு போன் போடுங்கள். பதிவேட்டில் 'அனுப்பப்பட்டார்' என்று எழுதியதோடு வேலை முடிந்துவிடாது. போனாரா, என்ன கண்டார்கள், என்ன சிகிச்சை என்பது நிரம்பும்வரை அந்த வரி திறந்தே இருக்கட்டும். தேதி தவறி வருபவரை ஒரு வார்த்தைகூடக் கடிந்து பேசிவிடாதீர்கள். அவர் வந்ததே பெரிது.

சீட்டு வாங்கிய சகோதரிகளுக்கு: பாசிட்டிவ் என்றால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. பலருக்கு அது வெறும் தொற்றாகவோ புண்ணாகவோ இருக்கும். சிலருக்குப் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம். அந்த மாற்றம் புற்றுநோயாக முற்றப் பெரும்பாலும் பல வருடங்கள் ஆகும். ஆனால் உங்களுக்கு அது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்த்தால்தான் தெரியும். இரண்டு மூன்று மாதத்துக்கு மேல் தள்ளாதீர்கள். கால்போஸ்கோப்பி என்பது பெரிதாக்கிக் காட்டும் கருவியால் கர்ப்பப்பை வாயை வெளியில் இருந்தே பார்ப்பது. மயக்க மருந்து வேண்டாம், சுமார் கால் மணி நேரம். தேவைப்பட்டால் அரிசி அளவு சதை எடுப்பார்கள்; அதுதான் பயாப்ஸி. சுருக்கென்று இருக்கும், அன்றே வீடு திரும்பலாம். கர்ப்பமாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இந்த இடத்தில் நான் மிகவும் பயப்படுவது ஒன்று உண்டு. "எதுக்கு வம்பு, கர்ப்பப்பையை எடுத்துடலாம்" என்ற யோசனை. கால்போஸ்கோப்பியும் பயாப்ஸியும் இல்லாமல் அதற்குச் சம்மதிக்காதீர்கள். உள்ளே புற்றுநோய் இருந்து, சாதாரணமாகக் கர்ப்பப்பையை மட்டும் எடுத்துவிட்டால், பிறகு செய்யும் சிகிச்சை சிக்கலாகிவிடும். முந்தைய மாற்றம் மட்டும்தான் என்றால், பலருக்குச் சூடு வைத்துத் திசுவை அழிப்பதோ மின்கம்பி வளையத்தால் அந்தப் பகுதியை மட்டும் எடுப்பதோ போதும். சிகிச்சைக்குப் பின் சில வாரம் தண்ணீர்போல் வெள்ளைப்படும்; ஒரு மாதம் தாம்பத்தியம் வேண்டாம். இதைக் கணவரிடமும் மருத்துவரே சொல்லிவிடுவது நல்லது.

பயாப்ஸி முடிவைக் கையில் வாங்குங்கள். தகவல் வரவில்லை என்பதற்காக எல்லாம் சரி என்று இருந்துவிடாதீர்கள். சிகிச்சை முடிந்தவர்கள் ஒரு வருடத்தில் மறுபடி பரிசோதிக்க வேண்டும். நடுவில் உறவுக்குப் பின் ரத்தம், மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம், துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் இவற்றில் எது வந்தாலும், குறித்த தேதிவரை காத்திருக்காமல் அந்த வாரமே போய்விடுங்கள்.