இனிப்பைத் தொடாதபோதும் சர்க்கரை உயர்வது ஏன்?

"இனிப்பைத் தொடவே இல்லை, ஆனாலும் சர்க்கரை கூடியிருக்கிறதே?" என்று நீரிழிவு உள்ளவர்கள் கேட்பதுண்டு. வீட்டாரோ, "மறைத்துச் சாப்பிட்டிருப்பார்" என்று ஐயுறுவர். குறை கூறுமுன் காரணத்தைத் தேடுவதே நன்று.

உணவு: இட்லி, சோறு, சப்பாத்தி ஆகியவற்றிலுள்ள மாவுச்சத்து செரித்தபின் குளுக்கோசாகவே மாறுகிறது. ஆகவே உண்ணும் அளவும் முக்கியம்.

விடியற்காலை: உண்ணாத வேளையிலும் கல்லீரல் குளுக்கோசை இரத்தத்தில் சேர்க்கிறது. அதிகாலையில் மிகும் கார்டிசால் போன்ற ஹார்மோன்கள் அதனைக் கூட்டுகின்றன. வெறும் வயிற்றில் அளவு உயர்ந்திருப்பதற்கு முந்தைய இரவு உணவு மட்டுமே காரணம் எனக் கொள்ள இயலாது. உறக்கக் குறைவும் மனக்கவலையும் அளவை உயர்த்தக்கூடும்.

நோய்த்தொற்று: காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, ஈறு வீக்கம், காற்புண் ஆகியவை இன்சுலினின் செயலைக் குறைக்கின்றன. காரணம் புலப்படாமல் சர்க்கரை உயர்ந்தால் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பாருங்கள். உணர்வு மங்கிய காலில் புண் இருந்தும் வலி தெரியாமல் போகலாம்.

மருந்து: ஆஸ்துமா, மூட்டுவலி போன்றவற்றுக்குத் தரப்படும் ஸ்டீராய்டு மருந்துகள் சர்க்கரையை உயர்த்தும். இன்சுலினை ஒரே இடத்தில் தொடர்ந்து செலுத்தினால் அங்கே கொழுப்புத் தடிப்பு உண்டாகி, மருந்து சீராக உட்கிரகிக்கப்படாது. இடத்தை மாற்றி மாற்றிச் செலுத்துக. வெயிலில் வைத்த இன்சுலின் வீரியம் இழக்கும்.

இங்கே இரு தவறுகள் ஆபத்தானவை. முதலாவது, அளவு உயர்ந்ததைக் கண்டு தாமாகவே மருந்தைக் கூட்டுவது. சர்க்கரை 70 மி.கி.க்குக் கீழே இறங்கி மயக்கம் நேரலாம். இரண்டாவது, காய்ச்சலின்போது உணவு செல்லவில்லை என்று இன்சுலினை அறவே நிறுத்துவது. அந்நாளில் எந்த மருந்தை எவ்வளவு எடுப்பது என்பதை மருத்துவரிடம் கேட்டறியுங்கள். ஓயாத வாந்தி, மூச்சிரைப்பு, குழப்பம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்கு வருக.

சர்க்கரை அளவைக் குறிக்கும் நோட்டுப் புத்தகத்தில் எண்ணுக்கு அருகே, அன்றைய உணவு, நடை, உறக்கம், காய்ச்சல், தவறிய மாத்திரை ஆகியவற்றையும் ஒரு வரியில் எழுதி வாருங்கள். அடுத்த முறை மருத்துவரைக் காண வரும்போது, காரணத்தைக் கண்டறிய அந்த ஒரு வரி பெரிதும் உதவும்.