முண்டியம்பாக்கத்தைத் தாண்டி வந்தவன்

விழுப்புரம் ஜங்ஷனின் மேம்பாலப் படிகளை நான் இருபத்தெட்டு வருஷங்கள் ஏறி இறங்கியிருக்கிறேன். திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியனாக உத்தியோகம், குடித்தனமோ விழுப்புரத்தில், ஆகவே கையில் சோற்று டப்பாவும் சட்டைப்பையில் சீசன் டிக்கெட்டுமாக, முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று ஒன்றையும் விடாமல் நின்று போகும் பாசஞ்சர் வண்டியிலேயே என் யௌவனமும் நடுவயதும் கழிந்தன. முப்பது வயதில் அந்தப் படிகளை இரண்டிரண்டாகத் தாவினேன். நாற்பத்தைந்தில் ஒவ்வொன்றாக ஏறினேன். ஐம்பத்தைந்தில் பாதியில் நின்று, தண்டவாளங்களை வேடிக்கை பார்ப்பவன்போல் பாசாங்கு செய்து, மூச்சு அடங்கிய பிறகே மேலே போனேன். யாராவது கேட்டால், "வயசாச்சு இல்லையா?" என்பேன். அந்த ஒரு வார்த்தை என் உயிரைக் குடிக்கப் பார்த்த கதையைத்தான் சொல்ல வந்தேன்.

2012-இல் ஓய்வு பெற்றேன். 2015-ஆம் வருஷம் மே மாதம், அக்கினி நட்சத்திரத்து வெயிலில், ஓய்வூதியர் நேர்காணலுக்காகத் திண்டிவனம் கருவூலத்துக்குப் போனபோது எனக்கு வயது 61. காலை பத்து மணி இருக்கும். கீழ்த்தாடையில், பல்வலியா காதுவலியா என்று நிச்சயிக்க முடியாத ஒரு வலி தொடங்கிற்று. அதையடுத்து மேல்வயிற்றில் அம்மிக்கல்லை வைத்தாற்போல் ஒரு பாரம். சட்டை நனையும்படி வியர்த்தது, ஆனால் வெயில் காலமாதலால் வியர்வையின்மேல் எனக்குச் சந்தேகமே எழவில்லை. சினிமாவில் மாரடைப்பு வந்தவர்கள் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்வார்கள்; எனக்கோ மார்பில் வலியே இல்லை. காலையில் தின்ற மசால்வடையின் வாய்வு என்று முடிவு கட்டி, ஒரு கோலி சோடா குடித்தேன். அதற்கும் அடங்காமற்போகவே, பக்கத்துத் தெருவில் ஒரு வைத்தியரிடம் போய், "வாய்வு, டாக்டர்" என்றேன். அவர் வாய்வுக்கு ஊசி போட்டார். அவரை நான் இன்றளவும் முழுவதாகக் குறை சொல்வதில்லை; நோயைச் சொல்லாமல் தீர்ப்பையே கையோடு கொண்டுபோன நோயாளி நான்.

பிற்பகல் வண்டியில் ஊர் திரும்பினேன். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்ற கிழவியிடம் வேண்டாமென்று கைகாட்டிவிட்டு, ஜன்னலோரம் சாய்ந்திருந்தேன். வண்டி முண்டியம்பாக்கத்தில் நின்றது. 2010-இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியும் அதன் பெரிய ஆஸ்பத்திரியும் அந்த ஊரில்தான் இருக்கின்றன என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும், வீட்டுக்குப் போய் ஓமத் தண்ணீர் குடித்துப் படுத்தால் சரியாகிவிடும் என்ற அசையாத நம்பிக்கையோடு உட்கார்ந்தே இருந்தேன். விழுப்புரத்தில் இறங்கி, பழகிய படிகளில் பாதி ஏறியதும் கால் வரவில்லை. பூக்கூடையோடு பின்னால் வந்த ஓர் அம்மாள், "ஐயா, இன்னா இப்படி வேர்த்து ஊத்துது? மூஞ்சே வெளுத்துப்போச்சே! அப்படியே குந்துங்க, எழுந்திரிக்காதீங்க" என்று அதட்டி உட்கார வைத்தாள். யாரோ ஒரு பிள்ளை 108-க்குப் போன் செய்தான். வந்த ஆம்புலன்ஸ் என்னை ஏற்றிக்கொண்டு, நான் வந்த வழியே திரும்ப, முண்டியம்பாக்கத்துக்கே போயிற்று.

இ.சி.ஜி. எடுத்த இளம் டாக்டர், "வலி எப்போ ஆரம்பிச்சுது ஐயா?" என்றார். "பத்து மணிக்கு" என்றேன். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று மணி பத்து நிமிஷம். ஒன்றும் சொல்லவில்லை. ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியைப் போட்டார்கள். பின்னர் புதுச்சேரி ஜிப்மரில் ஆஞ்சியோகிராம் செய்து, ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்தேன். ஆயினும் அந்த ஐந்து மணி நேரத்தில் ரத்தமில்லாமல் மடிந்த ஹிருதயத் தசை மடிந்ததுதான். என் இடது கீழறைச் சுவரின் ஒரு பகுதி இன்றும் சோம்பலாகவே துடிக்கிறது.

படுக்கையில் கிடந்த நாட்களில் ஒரு டாக்டர், ஹிருதயத்துக்குச் சோறு போடும் ரத்தக் குழாய்களைக் காகிதத்தில் வரைந்து காட்டியபோது, எனக்கு அது விழுப்புரம் ஜங்ஷனாகவே தோன்றிற்று. கார்டு லைன், மெயின் லைன், காட்பாடி லைன் என்று பிரிந்து போகும் பாதைகளில் ஒன்று அடைபட்டால், அந்தப் பாதையை நம்பியிருக்கும் ஊர்களுக்கு மட்டும் வண்டி போகாதல்லவா, அதுபோல்தான் என்று புரிந்துகொண்டேன். "எல்லாம் வயசுதானே டாக்டர்?" என்று என் பழைய பல்லவியைப் பாடினேன். "வயசு வேற, வியாதி வேற சார்" என்று சிரித்துவிட்டு, அவர் பொறுமையாக விளக்கினார்.

வயது செய்வது என்ன? ஹிருதயம் உச்சமாக ஓடக்கூடிய வேகம் வருஷா வருஷம் குறைகிறது. 220-இலிருந்து வயதைக் கழித்தால் உத்தேசமாக அந்த வேகம் வரும் என்று ஒரு வாய்ப்பாடு உண்டு. முப்பது வயதில் நிமிஷத்துக்கு 190 துடிப்பு வரை எட்டிய என் ஹிருதயம் அறுபதில் 160-க்குமேல் போகாது. படிகளை இரண்டிரண்டாகத் தாவ முடியாதது அதனால்தான். ரத்தக் குழாய்களின் சுவர், வெயிலில் கிடந்த ரப்பர் குழாயைப்போல் இளக்கம் கெட்டு விறைத்துக்கொள்கிறது. அதனால் ரத்த அழுத்தத்தின் மேல் அளவு ஏறுகிறது. படுக்கையிலிருந்து திடீரென்று எழுந்தால், முன்போல் ரத்த அழுத்தம் உடனே சரிப்படுத்திக்கொள்ளாமல் கிறுகிறுக்கிறது. ஆகையால் நான் இப்போதெல்லாம் காலைத் தொங்கவிட்டு, ஒரு நிமிஷம் உட்கார்ந்த பிறகே நிற்கிறேன். இவ்வளவும் வயது. ஆனால் வயதின் சோர்வு வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல வருவது. சென்ற மாதம் எப்படியோ இந்த மாதமும் ஏறக்குறைய அப்படியே இருப்பது. வியாதியோ வாரக்கணக்கில் மாறும். அந்த மே மாதத்துக்கு முந்தைய இரண்டு மாதங்களாக, மேம்பாலத்தில் ஏறும்போதெல்லாம் ஒரே படியில் தாடை இழுத்துப் பிடிப்பதும், நின்றால் விட்டுவிடுவதும் எனக்கு வழக்கமாகியிருந்தன. ஏறினால் வருவதும் நின்றால் போவதும் ஹிருதயம் ரத்தம் போதாமல் விடும் ஓலம் என்று எனக்குச் சொல்லித்தர ஒருவரும் இல்லை; நானும் கேட்கவில்லை.

இன்னொரு மடமையையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நூறோடு வயதைக் கூட்டினால் வருவதே சரியான ரத்த அழுத்தம் என்று என் தகப்பனார் காலத்தவர் சொல்லக் கேட்டு, ஐம்பத்தேழு வயதில் 150 இருந்தபோது, இன்னும் ஏழு பாக்கி இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டவன் நான். எந்த வயதானாலும் 140-க்கு 90 என்ற எல்லையைத் தாண்டினால் வைத்தியரைக் கேட்டே ஆக வேண்டும். பிறகு எனக்கு மாத்திரை கொடுத்தார்கள், அளவு இறங்கிற்று, மாத்திரையினால் இறங்கியதைத் தானாகவே இறங்கியதாக எண்ணி, மாத்திரையை நிறுத்திவிட்டேன்.

வேட்டி கட்டுகிறவனுக்கு ஓர் ஆபத்து உண்டு: இடுப்பு பருப்பது அவனுக்குத் தெரியாது. பெல்ட் போடுகிறவனுக்குத் துளையாவது சாட்சி சொல்லும். வயது ஏற ஏறத் தசை கரைந்து, அந்த இடத்தைக் கொழுப்பு பிடிப்பதால், தராசில் எடை மாறாமலே தொப்பை விழுகிறது. ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்பதே நம் நாட்டாருக்குச் சொல்லும் எல்லை. தையற்காரர் நாடாவால் அளந்தபோது எனக்கு 101 இருந்தது. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆராய்ச்சியில், முதல் மாரடைப்பு தெற்காசியர்களுக்கு 53 வயது வாக்கிலும், மற்ற நாட்டாருக்கு 59 வாக்கிலும் வந்ததாகக் கண்டார்கள். அறுபதுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது நமக்கு வாய்த்த சௌகரியமல்ல.

உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். மரக்காணத்து உப்பளத்தை அருகில் வைத்துக்கொண்டு வளர்ந்த நாக்குக்கு இது லேசான தண்டனையல்ல. கருவாடும் ஊறுகாயும் மோர்மிளகாயும் ஒன்றன்பின் ஒன்றாக இலையைவிட்டுப் போயின. மல்லாட்டை மட்டும் தங்கிற்று. டி.எம்.வி. என்று திண்டிவனத்தின் பெயரையே தாங்கி எத்தனையோ ரகங்கள் எங்கள் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்திருக்க, அதன்மேல் பழிபோட மனம் வரவில்லை. அதில் குற்றமும் இல்லை, வேகவைக்கும்போது அள்ளிப்போடும் உப்பில்தான் குற்றம்.

என் சம்சாரத்தின் விஷயத்தையும் சொல்ல வேண்டும். மாதவிலக்கு நிற்கும் வரையில் பெண்களுக்கு இயற்கை தரும் ஒரு காப்பு, நின்றபிறகு விலகிவிடுகிறது. அவர்களுக்கு வரும் மாரடைப்பும் பலவேளை நெஞ்சுவலியாக வராமல், காரணமற்ற அசதியாகவும் மூச்சிரைப்பாகவும் வருகிறது. சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு நரம்பு மரத்துப்போவதால் வலியே தெரியாமற்போவதும் உண்டு. அவளுக்குச் சர்க்கரை இருபது வருஷமாக. "என்னாங்க, அடுப்படி சூடு, அவ்ளோதான்" என்று அவள் சொன்ன ஒரு நாளில், நான் வாதாடாமல் ஆட்டோவைக் கூப்பிட்டேன். அன்று ஒன்றுமில்லை என்றுதான் ஆயிற்று. போக வர ஆட்டோச் செலவுக்காக அவள் கோபித்துக்கொண்டது வேறு கதை.

இப்போது காலம் எவ்வளவோ மேல். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. 2023 முதல் 'இதயம் காப்போம்' திட்டத்தில், மாரடைப்பு என்று சந்தேகப்பட்டவர்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புமுன் கொடுக்க வேண்டிய முதல் மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே வைத்திருக்கிறார்கள். வண்டி மட்டும் அதே வண்டி; ஸ்டேஷன்களும் அவையே.

எனக்கு இப்போது 71. வாரம் ஒருமுறை அந்த மேம்பாலத்தில் ஏறுகிறேன். நடுவில் நிற்கிறேன், இப்போது பாசாங்கு இல்லை. என்னோடு வண்டியில் வரும் பெரியவர்களையும், அவர்கள் வீட்டுப் பிள்ளைகளையும் நான் கேட்டுக்கொள்வது ஒன்றே: தாடையோ தோளோ மேல்வயிறோ காரணமில்லாமல் கனத்து வியர்த்தால், தயவுசெய்து வீட்டுக்குப் போகாதீர்கள், முண்டியம்பாக்கத்திலேயே இறங்கிவிடுங்கள்.