டோஸை ஏற்ற அவசரப்படாதே

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

சித்தி எழுதுகிறேன். உன் பூனை முத்துவுக்கு இன்று காலை இன்சுலின் ஊசிக்கு முன் சர்க்கரை 380 இருந்தது, ஒரு யூனிட்டை இரண்டாக ஏற்றட்டுமா என்று கேட்டிருக்கிறாய். ஏற்றாதே. டாக்டர் சொல்லாமல் அரை யூனிட்கூட ஏற்றாதே. மற்றதெல்லாம் அப்புறம்.

ஊசிக்கு முன் நீ பார்க்கும் எண், முந்தைய ஊசியின் வேகம் ஓய்ந்த நேரத்து எண். அது ஏறித்தான் இருக்கும். மருந்து நன்றாக வேலை செய்கிற நடுப்பகலில் சர்க்கரை எதுவரை இறங்குகிறது என்று பார்த்துத்தான் டாக்டர் டோஸ் முடிவு செய்வார். காலையில் 380 இருந்த பூனைக்கு மத்தியானம் 110 இருக்கலாம். அது தெரியாமல் இரண்டு யூனிட் போட்டுவிட்டு நீ ஆபீஸ் போனால், பூட்டிய வீட்டில் அதற்கு வலிப்பு வரலாம். சர்க்கரை கூடிக் கிடந்தால் சரிசெய்ய நமக்கு நாட்கள் இருக்கின்றன. தாழ்ந்துவிட்டால் நிமிடங்கள்தான். வார்டில் மனிதர்களிடம் நான் பார்த்ததும் இதுதான், என் பூனை வெள்ளச்சியிடம் பார்த்ததும் இதுதான்.

டாக்டர் எழுதிய கிளார்ஜின் இன்சுலின் நிதானமாக வேலை செய்யும் மருந்து. ஒரு டோஸின் முழுப் பலன் தெரியவே ஐந்தாறு நாள் ஆகும். அதுவரை தினமும் எண்ணைப் பார், நோட்டில் எழுது, கையைக் கட்டிக்கொண்டிரு. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கும்போது காலை ஊசியிலிருந்து மாலை ஊசிவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பார்த்து, அந்தப் பக்கத்தைப் படமெடுத்து டாக்டருக்கு அனுப்பு. அவருக்கு வேண்டியது அதுதான். ஆஸ்பத்திரியில் எடுக்கும் எண்ணை மட்டும் நம்ப முடியாது. வண்டிச் சத்தம், நாய்க் குரைப்பு, பினாயில் வாசம் எல்லாம் சேர்ந்த பயத்திலேயே பூனைக்குச் சர்க்கரை 300 தாண்டிவிடும், நோயே இல்லாத பூனைக்கும்கூட. அதனால்தான் ஃப்ரக்டோசமின் என்ற ரத்தப் பரிசோதனையையும் எடுக்கச் சொன்னார். கடந்த இரண்டு மூன்று வாரங்களின் சராசரி நிலவரத்தை அது சொல்லும்.

அடுத்தது சிரிஞ்ச். இதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படி. நம் ஊர் மருந்துக்கடையில் இன்சுலின் சிரிஞ்ச் என்று கேட்டால் பெரும்பாலும் சிவப்பு மூடி போட்டதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். அது ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள மருந்துக்கானது. கிளார்ஜின் ஒரு மில்லிக்கு 100 யூனிட். அதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச்தான். சிவப்பு மூடியில் ஒன்று என்ற கோடுவரை கிளார்ஜினை இழுத்தால் உள்ளே போவது ஒன்றல்ல, இரண்டரை யூனிட். நாலரைக் கிலோ பூனைக்கு அது உயிர் போகிற விஷயம். ‘ரெண்டும் ஒண்ணுதாம்மா’ என்று கடைப்பையன் சொன்னாலும் வாங்காதே. அரை யூனிட் கோடு போட்ட, 0.3 மில்லி சிரிஞ்சாகக் கேட்டு வாங்கு. இருக்கிற சிவப்பு மூடிகளை வீட்டிலிருந்தே அகற்றிவிடு.

ஊசி போடும்போது கொஞ்சம் மருந்து முடியில் சிந்திவிட்டது, மறுபடி போடவா என்றும் கேட்டிருந்தாய். வேண்டாம். எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாதபோது இன்னொன்று போடக் கூடாது. அடுத்த வேளை பார்த்துக்கொள்ளலாம். நீயும் உன் வீட்டுக்காரரும் மாறி மாறிப் போடுவதால், போட்டவுடன் நேரத்தை நோட்டில் எழுதும் வழக்கம் இருக்கட்டும். முத்து சாப்பிடாத நாளில் டாக்டரைக் கேட்காமல் வழக்கமான டோஸைப் போடாதே.

சர்க்கரை பார்க்கக் குத்தினால் காதில் ரத்தம் வருவதில்லை என்று அழுதாயாம், உன் அம்மா சொன்னாள். காது குளிர்ந்திருந்தால் யாருக்கும் வராது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் காது மடலில் சிறிது நேரம் ஒற்றி வை. விளிம்பை ஒட்டி ஒரு மெல்லிய ரத்தக்குழாய் ஓடுவது வெளிச்சத்தில் தெரியும். அதற்கும் விளிம்புக்கும் நடுவில் துளி வாசலின் தடவு. மடலுக்குப் பின்னால் பஞ்சை அணையாக வைத்துக்கொண்டு குத்து. வாசலின் இருந்தால் ரத்தம் முடியில் பரவாமல் மணியாகத் திரண்டு நிற்கும். அதில் ஸ்ட்ரிப்பின் நுனியைத் தொட்டால் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். பிறகு பஞ்சால் அழுத்திப் பிடித்து, அவித்த கோழியில் ஒரு துணுக்கு கொடு. சில நாளில் மீட்டரைக் கையில் எடுத்ததுமே அது உன் மடிக்கு வந்துவிடும். ஒன்று தெரிந்துகொள்: மனிதர்களுக்கான மீட்டர் பூனை ரத்தத்தில் பெரும்பாலும் கொஞ்சம் குறைத்தே காட்டும். எந்த மீட்டர் என்று டாக்டரிடம் சொல்லிவிடு. ஒரே மீட்டரையே வைத்துக்கொள்.

தள்ளாட்டம், திடீர்ப் பசி, நடுக்கம், கூப்பிட்டால் வெறித்துப் பார்ப்பது, இவற்றில் ஏதாவது தெரிந்தாலோ மீட்டர் 60-க்குக் கீழே காட்டினாலோ சர்க்கரை தாழ்கிறது என்று அர்த்தம். விழிப்போடு இருந்தால் உடனே சாப்பாடு வை. சாப்பிட முடியாமல் துவண்டால் தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ விரலில் தொட்டு ஈறில் தேய். வலிப்பு வந்தால் பல்லுக்கு நடுவே விரலை விடாதே, வாயில் எதையும் ஊற்றாதே. தேனை உதட்டின் உள்பக்கம் தடவிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. தேன் பாட்டில் சமையலறை அலமாரியில் வேண்டாம், மீட்டர் பெட்டியிலேயே இருக்கட்டும். வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரி உனக்கு எவ்வளவு தூரம், ராத்திரியில் உன் பக்கத்தில் எந்த கிளினிக் திறந்திருக்கும் என்பதை இன்றைக்கே விசாரித்து வை.

சர்க்கரை கூடிக் கிடப்பதிலும் ஒரு கட்டத்தில் அவசரம் உண்டு. சாப்பாட்டை ஒதுக்கி, வாந்தியெடுத்துச் சுருண்டு படுத்தால் ரத்தத்தில் கீட்டோன் சேர்கிறதோ என்று சந்தேகப்படு. மூத்திரத்தில் தொட்டுப் பார்க்கும் ஸ்ட்ரிப் கடையில் கிடைக்கும். கீட்டோன் தெரிந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போ.

சாப்பாட்டைப் பற்றி உன் மாமியார் சொல்வது பழைய பழக்கம். பூனை என்றால் மீன்சோறும் பாலும் என்றே நாமெல்லாம் வளர்ந்தோம். பூனையின் உடம்போ மாமிசத்துக்கென்றே அமைந்தது. எச்சிலில் மாவுச்சத்தைச் செரிக்கும் நொதியே கிடையாது. இனிப்பை உணரும் மரபணு செயலிழந்துபோனதால் அதன் நாக்குக்கு இனிப்பும் தெரியாது. சோற்றை நிறுத்துவது சரிதான். முத்து முன்பிருந்த வீட்டில் நாள் முழுக்கக் கிண்ணத்தில் கிடந்த டிரை ஃபுட்டிலும் மாவுச்சத்து அதிகம். கருத்தடை செய்த, வீட்டுக்குள்ளேயே கிடந்து பருத்த கடுவன்களைத்தான் இந்த நோய் அதிகம் தேடி வருகிறது. மாவுச்சத்து குறைந்த வெட் ஃபுட்டுக்கு மாறு. ஆனால் டாக்டரிடம் சொல்லிவிட்டு, படிப்படியாக மாறு. சாப்பாடு மாறியதும் இன்சுலின் தேவை மளமளவென்று குறையலாம். பழைய டோஸ் அப்படியே போனால் ஆபத்து. வெறும் அவித்த கோழி மட்டும் போதாது, போதிய கால்சியமும் டாரின் என்ற சத்தும் கிடைக்காது. குழம்பு மீன் கூடவே கூடாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். வெந்தயப்பொடி, பாகற்காய்ச் சாறு என்று யாராவது கொண்டுவந்தால் வாங்கி வைத்துவிடு, முத்துவுக்குக் கொடுக்காதே.

மாத்திரை இருக்கிறதாமே என்றாய். அமெரிக்காவில் பெக்சாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரைக்கு 2022 டிசம்பரில் அனுமதி கொடுத்தார்கள். அது இன்சுலின் போட்டுப் பழகாத பூனைகளுக்கானது. முத்துவுக்கு இப்போது அந்த யோசனை வேண்டாம்.

முத்து பின்னங்கால் குதிகாலைத் தரையில் ஊன்றி நடப்பதைப் பார்த்து உனக்கு மனசு கேட்கவில்லை. நாள்பட்ட சர்க்கரை நரம்பைத் தாக்கியதால் வருவது அது. சர்க்கரை கட்டுக்குள் வந்தால் சில மாதங்களில் பல பூனைகள் தேறிவிடும். வெள்ளச்சி மறுபடி ஜன்னல் திட்டில் ஏறினாள். ஆரம்பத்திலேயே பிடித்து ஒழுங்காகப் பார்த்தால் இன்சுலினே வேண்டாத நிலைக்கு வரும் பூனைகளும் உண்டு. வந்தாலும் டிரை ஃபுட் திரும்பக் கூடாது, மீட்டரை மூட்டை கட்டவும் கூடாது.

‘எடுத்த இடத்திலேயே விட்டுவிடு’ என்று சொல்பவர்களுக்கு நீ பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். ஒன்பது வயதில் வீடு மாறி வந்த உயிர் அது. இன்னொரு வாசல் தேட அதனால் முடியாது. காலையிலும் மாலையிலும் சில நிமிட வேலைக்கு உன்னால் முடியும், எனக்குத் தெரியும்.

தீபாவளிக்கு ஊருக்கு வர வேண்டும், முத்துவை யார் பார்ப்பார்கள் என்று குழம்பாதே. நான் நாலு நாள் முன்னதாகவே அங்கே வந்து, உன் வீட்டு மீட்டரையும் அதன் காதையும் பழகிக்கொள்கிறேன். நீங்கள் இருவரும் ஊருக்குப் போய் வாருங்கள். டிக்கெட் போடும் முன் தேதியை மட்டும் சொல்.

அன்புடன்,
சித்தி